டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மறதிநோய் வரும்போது: வீடுகளில் நாங்கள் கண்டவை

ஈரோட்டிலிருந்து ஓர் அக்கா:

டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த என் தம்பிக்கு இப்போது 52 வயது. விடியற்காலையில் பால் பாக்கெட் வாங்கி வந்து, மீதிச் சில்லறையை மேசையில் வரிசையாக அடுக்கி வைப்பது அவனுடைய வேலை. அதில் வேறு யாரையும் கைவைக்க விடமாட்டான். அந்த வேலையில் அவனுக்கிருந்த நாட்டம் மெல்ல மெல்ல இல்லாமல் போயிற்று. பிறகு ஒருநாள், கூடத்து வெள்ளைத் தரை முடிந்து கருங்கல் பதித்த நடை தொடங்கும் இடத்தில், காலை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக நின்றவன், என் கையை இறுகப் பற்றி, “அக்கா, பள்ளம்” என்றான்.

முதலில் பார்த்த மருத்துவர், இவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இத்தனை ஆண்டுகள் அந்த நடையைத் தாண்டிப் போய்வந்தவனைப் பற்றிய அந்தப் பதிலை என்னால் ஏற்க இயலவில்லை. அடுத்துச் சென்ற நரம்பியல் மருத்துவர் அவனிடம் இன்று என்ன கிழமை என்றெல்லாம் கேட்காமல், முன்பு தானாகச் செய்தவற்றில் எவையெவை நின்றுபோயின என்று என்னிடம் விரிவாகக் கேட்டார். மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கான மரபணு 21ஆம் குரோமோசோமில் இருப்பதாலும், இவர்களுக்கு அந்தக் குரோமோசோம் மூன்றாக இருப்பதாலும், 40 வயதுக்குள் ஏறக்குறைய எல்லோருடைய மூளையிலும் அந்தப் படிவு தொடங்கிவிடுகிறது என்றும், அறிகுறிகள் பெரும்பாலும் ஐம்பதுகளில் வெளிப்படும் என்றும் விளக்கினார். ஆழத்தைக் கணிக்கும் திறன் குறைவதால் கருந்தரை பள்ளமாகத் தோன்றுகிறதாம். கூடத்து வெள்ளைத் தரையின் நிறத்திலேயே வழுக்காத விரிப்பை அந்த நடையில் ஒட்டினோம். இப்போது தயங்காமல் நடக்கிறான்.

மதுரையிலிருந்து ஒரு சிறப்பாசிரியை:

சகோதரியின் பதிவைப் படிப்போர், மாற்றம் தெரிந்தவுடன் மறதிநோய்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எங்கள் தொழிற்பயிற்சிக் கூடத்தில் நன்றாகப் பை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் யாரோடும் பேசாமல் ஒடுங்கிப்போனபோது, இரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. மாத்திரை தொடங்கியபின் மீண்டும் தையல் எந்திரத்துக்கு வந்துவிட்டார். காதுக் குறும்பி, கண்புரை, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு ஆகிய எல்லாவற்றையும் முதலில் பார்த்துவிட வேண்டும். பிள்ளைகள் முப்பதுகளில் நலமாக இருக்கும்போதே, அவர்கள் உடுத்துவதையும் உண்பதையும் பேசுவதையும் காணொளியாக எடுத்து வைத்திருங்கள் என்று பெற்றோரிடம் வற்புறுத்திச் சொல்கிறேன். பிற்காலத்தில் ஒருவரை அவருடைய பழைய நிலையோடு மட்டுமே ஒப்பிட முடியும்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு தாய்மாமன்:

மறதிநோய் உறுதியான பிறகு, காலையில் எழுந்த சிறிது நேரத்தில் என் மருமகளின் கையிலிருந்து காப்பி டம்ளர் தெறித்து விழத் தொடங்கியது. கோபத்தில் எறிகிறாள் என்றே வீட்டில் பேசிக்கொண்டார்கள். அவள் முகத்தில் கோபமே இல்லாததைக் கண்ட என் மனைவி அதைக் கைபேசியில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டினாள். அது வலிப்பு வகைத் துள்ளல் என்று அவர் கண்டறிந்தார். டவுன் சிண்ட்ரோமில் மறதிநோயோடு வலிப்பும் சேர்ந்து வருவது மிகவும் சாதாரணமாம். மருந்து தொடங்கியபின் துள்ளல் வெகுவாகக் குறைந்துள்ளது. இத்தகைய அசைவைக் கண்டால் அதட்டாமல் படம்பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.