ரோமர் 3:28, யாக்கோபு 2:24: ஒரே வேதபாடத்தில் இரண்டையும் எப்படி எடுப்பது?

காட்பாடி வாலிபர் ஐக்கியம்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வருகிற ஞாயிறு சாயங்காலம் எங்கள் ஐக்கியத்தில் வேதபாடம். தலைப்பு: விசுவாசம், கிரியை, இரட்சிப்பு. நேரம் ஒன்றரை மணி. பெரும்பாலும் சி.எஸ்.ஐ. பிள்ளைகள், ஆம்பூர்ப் பக்கத்து லுத்தரன் சபையிலிருந்து சிலர், கல்யாணமாகி வந்த ஆர்.சி. சகோதரி ஒருவர், பெந்தெகொஸ்தே நண்பர்கள் இரண்டு மூன்று பேரும் வருவார்கள்.

"நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்" என்கிறார் பவுல். "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்" என்கிறார் யாக்கோபு. இரண்டும் வேண்டும் என்று சொல்லி முடித்துவிடலாமா? எந்தப் பகுதியை முதலில் வாசிக்க வைப்பது? எங்கே சண்டை வரும்?

சத்துவாச்சாரி வாசகன்:

பிரதர், "இரண்டும் வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த நிமிஷமே ஒருத்தர் "எது எவ்வளவு?" என்று கேட்பார். அப்புறம் பாதி விசுவாசம், பாதி கிரியை என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். பவுலும் அதைச் சொல்லவில்லை, யாக்கோபும் சொல்லவில்லை.

ஆதியாகமத்தில் தொடங்குங்கள். இருவருமே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆனால் அவன் வாழ்க்கையின் வேறு வேறு கட்டத்திலிருந்து. முதல் இருபது நிமிஷத்துக்கு மூன்று இடங்களை மட்டும் வாசிக்க வையுங்கள்: 15:1-6, 17-ஆம் அதிகாரத்தில் விருத்தசேதனம், 22-இல் ஈசாக்கைப் பலியிடப் போனது. வயதைப் பலகையில் எழுதுங்கள். இஸ்மவேல் பிறந்தபோது ஆபிராமுக்கு 86 (16:16). விருத்தசேதனம் பண்ணிக்கொண்டபோது 99 (17:24). 15:6 இதற்கெல்லாம் முந்தியது. அதாவது அவன் விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டதற்கும் விருத்தசேதனத்துக்கும் நடுவில் குறைந்தது 13 வருஷம். "நீதியாக எண்ணப்பட்டது விருத்தசேதனத்துக்கு முன்பா, பின்பா?" என்று ரோமர் 4:10-இல் பவுல் கேட்கிற கேள்வியின் பலம் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. இதைக் காட்டாமல் ரோமர் 4-ஐ எடுத்தால் பிள்ளைகளுக்கு அது வெறும் வாதமாகத்தான் கேட்கும்.

யாக்கோபு நிற்கிற இடம் 22-ஆம் அதிகாரம் (2:21). ஈசாக்கு பிறந்து, வளர்ந்து, விறகு சுமக்கிற பிள்ளையான பிறகு. ஆனாலும் இரண்டே வசனம் தள்ளி, அதே 15:6-ஐ எடுத்துச் சொல்லி அது நிறைவேறியது என்கிறார். ஆக, ஆபிரகாம் எப்போது நீதிமானாக எண்ணப்பட்டான் என்பதில் இருவருக்கும் தகராறே இல்லை.

அடுத்த இருபத்தைந்து நிமிஷம் ரோமர் 3:27 முதல் 4:12 வரை. பவுலுக்கு எதிரே நிற்கிறவர்கள் யார் என்று அப்போஸ்தலர் 15:1-ஐக் காட்டிச் சொல்லுங்கள்: விருத்தசேதனம் இல்லாவிட்டால் இரட்சிப்பில்லை என்றவர்கள். பிறகு இருபத்தைந்து நிமிஷம் யாக்கோபு 2:14-26. இங்கே எதிரே நிற்கிறவன் வேறு ஆள். வஸ்திரமும் அன்றன்றுள்ள ஆகாரமும் இல்லாத சகோதரனைப் பார்த்து, "சமாதானத்தோடே போங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவன். 19-ஆம் வசனத்தை அழுத்திச் சொல்லுங்கள்: பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன. அந்த மாதிரி விசுவாசத்தைப் பவுலும் ஒப்புக்கொள்ள மாட்டார். கலாத்தியர் 5:6-இல் "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்" என்று எழுதியவர் அவர்தானே. மிச்ச இருபது நிமிஷம் கேள்விகளுக்கு.

யாக்கோபை முதலில் எடுக்காதீர்கள். எடுத்தால் ரோமரை ஏதோ சலுகை மாதிரி வாசிப்பார்கள்.

வழக்கமாகத் தடுக்கி விழுகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். எபேசியர் 2:8-9-ஐ மனப்பாடமாகச் சொல்லிவிட்டு 10-ஐ விட்டுவிடுவார்கள். நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்பது அந்த 10-இல்தான் இருக்கிறது. சிலுவையில் தொங்கிய கள்ளன் ஒரு நற்கிரியையும் செய்யவில்லை என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். லூக்கா 23:40-41-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். கைகால் அசைக்க முடியாத நிலையிலும் மற்றவனைக் கண்டிக்கிறான், தன் குற்றத்தை ஒத்துக்கொள்கிறான், இயேசு குற்றமற்றவர் என்று சாட்சி சொல்கிறான். மத்தேயு 25-ஐக் கூலிப் பட்டியலாக எடுக்கிறவர்களுக்கு: அங்கே நீதிமான்கள் "எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?" என்று ஆச்சரியப்படுகிறார்கள். கணக்கு வைத்திருந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

வேலூர் என்பதால் இன்னொன்று. சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் குறிக்கோள் வாக்கியம் நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும்: ஊழியங்கொள்ளும்படி அல்ல, ஊழியஞ்செய்ய. அது மாற்கு 10:45-இன் முன்பாதி. பின்பாதியில் "அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும் வந்தார்" என்று இருக்கிறது. முழு வசனத்தையும் வாசித்தால் நம் ஊழியம் எதன்மேல் நிற்கிறது என்று தெரியும்.

நம் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் பல, அமெரிக்க ரிஃபார்ம்டு சபையின் ஆற்காடு மிஷனில் முளைத்தவை. அந்தச் சபையின் ஹைடெல்பெர்க் வினாவிடை (1563) மனிதனின் துயரம், விடுதலை, நன்றி என்று மூன்று பாகம். நற்கிரியை வருவது மூன்றாவதில். 86-ஆம் கேள்வியே, "கிருபையால் மட்டும் விடுதலையானோமே, பிறகு ஏன் நற்கிரியை?" என்பதுதான். பதிலில் நன்றி, தேவனுக்கு மகிமை, கனிகளால் நம் விசுவாசத்தின் நிச்சயம், அயலானை ஆதாயப்படுத்துதல் என்று வரும். பிள்ளைகளுக்கு அப்படியே வாசித்துக் காட்டலாம்.

ராணிப்பேட்டை மறைக்கல்வி:

அந்த சகோதரி முன்னால் "கத்தோலிக்கர் நற்செயலால் மீட்பைச் சம்பாதிக்கிறார்கள்" என்று யாராவது பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் திருச்சபையின் திரிதெந்தின் (டிரென்ட்) பொதுச்சங்கம், நேர்மையாளராக்கப்படுதல் பற்றி 1547 ஜனவரி 13-இல் வெளியிட்ட ஏட்டின் முதல் விதியே, கிறிஸ்து வழியாக வரும் இறையருள் இல்லாமல் தன் செயலால் ஒருவர் கடவுள்முன் நேர்மையாளராக முடியும் என்பவரைச் சபைக்குப் புறம்பாக்குகிறது. 8-ஆம் பிரிவு இன்னும் தெளிவு: நேர்மையாளராக்கப்படுவதற்கு முன்னால் வருகிற எதுவும், நம்பிக்கையானாலும் செயலானாலும், அந்த அருளுக்கு நம்மை உரிமையாளராக்காது.

அதற்காக வித்தியாசமே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். பெற்ற அருள் நற்செயல்களால் வளர்கிறது என்கிறோம். 10-ஆம் பிரிவு யாக்கோபு 2:24-ஐ அங்கேதான் காட்டுகிறது. சாவான பாவத்தால் அருளை இழக்கலாம், அப்போதும் நம்பிக்கை மிஞ்சியிருக்கலாம் என்கிறோம் (15-ஆம் பிரிவு). அன்பில்லாத நம்பிக்கையும் இருக்க முடியும் என்று கருதுவதால்தான் "நம்பிக்கை மட்டும்" எங்களுக்கு உறுத்துகிறது. மலைகளைப் பெயர்க்கும் நம்பிக்கை இருந்தும் அன்பு இல்லையேல் நான் ஒன்றுமில்லை என்கிற 1 கொரிந்தியர் 13:2 நினைவிருக்கட்டும்.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நேர்மையாளராக்கப்படுதல் பற்றிக் கையெழுத்திட்ட கூட்டறிக்கையின் 15-ஆவது பத்தியை அச்செடுத்துக் கொடுங்கள். நம் தகுதியைப் பார்த்து அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் நம்பிக்கையில் கடவுள் நம்மை ஏற்கிறார்; தூய ஆவியார் நம்மைப் புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கிறார் என்பது அதன் சாரம். மெதடிஸ்டுகள் 2006-இலும் ரிஃபார்ம்டு சபைகள் 2017-இலும் இதில் சேர்ந்துகொண்டார்கள்.

ஆம்பூர் லுத்தரன்:

சத்துவாச்சாரி அண்ணன் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. கனிகளைப் பார்த்து விசுவாசத்தின் நிச்சயம் என்பதை வாலிபர்களிடம் சாதாரணமாக விட்டுவிட்டால் என்ன நடக்கும்? மனச்சாட்சி கூர்மையானவன் தன் கிரியையை எண்ணிப் பார்த்து நொந்துபோவான். மழுங்கியவன் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எடுத்த பூசணிக்காயைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு நிம்மதியாக இருப்பான். நிச்சயத்துக்குச் சிலுவையையும், வாக்குத்தத்தத்தையும், தன் ஞானஸ்நானத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கிரியை அயலானுக்குத் தேவை. தேவனுக்கு அது தேவையில்லை.

இந்தச் சண்டை எங்கள் வீட்டுக்குள்ளேயும் நடந்ததுதான். லூத்தருக்குப் பின் வந்த எங்கள் இறையியலாளர்களில் ஒருவரான ஜார்ஜ் மேஜர், நற்கிரியை இரட்சிப்புக்கு அவசியம் என்றார். அது இரட்சிப்புக்குக் கேடு என்று மறுகோடிக்குப் போனார் இன்னொருவரான ஆம்ஸ்டார்ஃப். எங்கள் விசுவாச அறிக்கைகளில் ஒன்றான 1577-ஆம் வருஷத்து ஃபார்முலா ஆஃப் கன்கார்ட் நான்காம் பிரிவில் இரண்டையுமே தள்ளியது. விசுவாசி நற்கிரியை செய்தே ஆகவேண்டும், ஆனால் இரட்சிப்பைப் பெறவோ காத்துக்கொள்ளவோ அல்ல என்பது அதன் தீர்ப்பு.

காட்பாடி வாலிபர் ஐக்கியம்:

மூவருக்கும் நன்றி. இரட்சிப்பை இழக்க முடியுமா என்று பெந்தெகொஸ்தே நண்பர்கள் கட்டாயம் கேட்பார்கள். பொருத்தனை (நேர்ந்துகொள்வது) பற்றியும் கேள்வி வரும். என்ன சொல்ல?

சத்துவாச்சாரி வாசகன்:

இழப்பது பற்றிய கேள்வியை அன்றைக்குத் திறக்காதீர்கள், ஒன்றரை மணியையும் விழுங்கிவிடும். ரிஃபார்ம்டு வழியினர் முடியாது என்பார்கள், யோவான் 10:28-ஐக் காட்டுவார்கள். லுத்தரன், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தேயினரில் பெரும்பாலோர் முடியும் என்பார்கள். எபிரெயர் 6:4-6 வரும். தனி வேதபாடமாக வையுங்கள்.

பொருத்தனைக்கு ஒரே கேள்வி போதும்: தேவன் கேட்டதைத் தராவிட்டாலும் அதைக் கொடுப்பாயா? கொடுப்பேன் என்றால் அது காணிக்கை. மாட்டேன் என்றால் பேரம்.

ஆம்பூர்த் தம்பி சொன்னதை ஏற்கிறேன். 86-ஆம் கேள்வியை வாசிக்கும்போது அந்தக் கனி வரியில் நின்று, அது துணைச் சாட்சிதான், அஸ்திபாரம் அல்ல என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

வசனங்களை ஒரே தாளில் அச்சடித்துக் கொடுங்கள், எபேசியர் 2:10-உம் யாக்கோபு 2:14-26-உம் முழுசாக. போனில் தேடச் சொன்னால் ஆளுக்கொரு வசனத்தில் நிற்பார்கள்.