வடிவியல் அருவமா, கோட்டுப்பூவா?

(எங்க குழுவில ஓடின பேச்சை இங்க எடுத்துப் போடுறேன்.)

பட்டர்வர்த் டீச்சர் எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம்ங்க. ஆறாம் ஆண்டு பிள்ளைங்களுக்குக் கலைக்கல்வி பயிற்சித் தாள் ஒன்னு தயார் பண்றேன், வெள்ளிக்கிழமை பிரிண்டுக்குப் போகணும். டச்சு ஓவியர் மோன்ட்ரியானோட பூக்கள்தான் பாடம். 1908, 1909 வாக்கில செவ்வந்தியை ஒத்தைப் பூவா வரைஞ்சவரு பின்னாடி சிவப்பு நீலம் மஞ்சள்னு வெறும் கட்டத்துக்குப் போயிட்டாரில்ல, பூவுக்கும் கட்டத்துக்கும் நடுவில நிக்கிற ஓவியத்துக்குத் தமிழ்ல என்ன பேர் போடலாம்? மலாய்ல அப்ஸ்த்ராக் கெயோமெத்ரினு சுலபமா முடிச்சிடுறாங்க.

செந்தூல் ஐயா:
டீச்சர், இதுக்கு ஏன் இவ்வளவு கவலை. உருவம், அருவம், அருவுருவம்னு சைவ சித்தாந்தம் எப்பவோ பிரிச்சு வச்சிடுச்சு. சிவலிங்கம் அருவுருவம், உருவம் மாதிரியும் இருக்கு இல்லாத மாதிரியும் இருக்கு. உங்க படமும் அதேதானே, பூ மாதிரியும் இருக்கு பூ இல்லாத மாதிரியும் இருக்கு. அருவுருவ ஓவியம்னு போடுங்க. அருவம் வடமொழி அரூபத்தோட தேய்வுன்னு யாராச்சும் கிளம்பி வருவீங்க, அதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன், என் கணக்குல உரு தமிழ்ச்சொல். உரு, உருவு, உருவம். இதைப் பத்தி ஒரு தனிக் கட்டுரையே எழுதி வச்சிருக்கேன், வேணும்னா அனுப்புறேன்.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி:
ஐயா கட்டுரை வேணாம் ப்ளீஸ் 🙏 பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு லிங்கத்தை விளக்கி முடிக்கிறதுக்குள்ள பீரியட் முடிஞ்சிடும். அப்ஸ்ட்ராக்ட்னே தமிழ்ல எழுதிட்டா என்ன குறைஞ்சு போச்சு? வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇன்னு தொல்காப்பியரே வழி விட்டிருக்காரு, நம்ம மட்டும் ஏன் கதவை இழுத்துப் பூட்டணும்.

செந்தூல் ஐயா:
தம்பி, அவர் வழி விட்டது வடசொல்லுக்கு. ஆங்கிலத்துக்கு இல்ல.

ஜெலுத்தோங் அக்கா:
நான் லேப்ல வேலை பாக்குறவ, எனக்குத் தோணுறதைச் சொல்றேன். ஒரு பொருள்ல இருந்து வேண்டாததைக் கழிச்சு சாரத்தை மட்டும் எடுக்கிறதுதானே இது? வடிப்புன்னு சொல்லலாமே. கஞ்சி வடிக்கிறோம், சிலையும் வடிக்கிறோம், வடிவமும் அதே வடியில இருந்து வந்ததுதான்னு நினைக்கிறேன். மலர் வடிப்பு. இதே வேலையை சொங்கேட்னு சொல்ற ஜரிகைத் துணி நெய்யிறவங்க ரொம்ப காலமா செய்யிறாங்க, மங்குஸ்தீன் காயோட காம்புப் பக்கம் இருக்கிற இதழை எடுத்து தம்போக் மங்கிஸ்னு ஒரு வடிவமாவே ஆக்கிட்டாங்க. தறியில நூல் குறுக்கும் நெடுக்குமாத்தான் போகும், வளைவை அப்படியே கொண்டு வர முடியாது, அதனால இதழ் தானா கோணத்துக்கு மாறிடுது. ஜார்ஜ்டவுன் பழைய கடைவீட்டு வாசல் ஓடுகளைப் பாருங்க, ரோஜா எங்க முடியுது கட்டம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. டீச்சர், மோன்ட்ரியானை விட்டுட்டு அதைப் பாடமா வைக்கலாமே?

பட்டர்வர்த் டீச்சர்:
பாடம் ஏற்கனவே முடிவாயிடுச்சுங்க, பேர் மட்டும்தான் வேணும் 😅

சுங்கை துவா அண்ணன்:
டீச்சர் மன்னிக்கணும், பேரை விட படத்தைத்தான் முதல்ல மாத்தணும்னு நினைக்கிறேன். மோன்ட்ரியானோட பூக்கள் கடைசி வரைக்கும் பூவாவேதான் இருந்துச்சு. 1920கள்ல கட்டம் வரைஞ்சது சரியா விக்காம, வயித்துப் பாட்டுக்காகத் திரும்பவும் பூ வரைஞ்சு கொடுத்த ஆளு அவரு. பூவில இருந்து கட்டத்துக்கு நேரா பாலம் கிடையாது, பாலம் மரத்தில இருக்கு. 1911ல சாம்பல் நிற மரம், 1912ல பூத்த ஆப்பிள் மரம், ரெண்டும் ஹேக் நகர மியூசியத்தில இருக்கு. ரெண்டாவது படத்துல பூவைத் தேடிப் பாருங்க, ஒன்னு கூடத் தெரியாது, கிளையெல்லாம் வெறும் வில் மாதிரி கோடுகளாகி ஒன்னை ஒன்னு வெட்டிக்கிட்டு நிக்கும். தமிழ்ல கோடுன்னா வரையிற கோடு மட்டுமில்ல, மரக்கிளையும் கோடுதான். பூவை நாலா பிரிச்சப்ப கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூன்னாங்க, கிளையில பூக்கிறது கோட்டுப்பூ. கிளை கோடாகிற ஓவியத்துக்கு இதை விடப் பொருத்தமா ஒரு சொல் செஞ்சாக்கூட கிடைக்காது, ஏற்கனவே நம்ம வீட்டுக்குள்ளேயே கிடக்கு.

செந்தூல் ஐயா:
அழகா இருக்கு, ஆனா தப்பு. கோடுதல்னா வளைதல். கோடாமை சான்றோர்க்கு அணின்னு வள்ளுவர் சொன்னது வளையாம நிக்கிறதைத்தான். மோன்ட்ரியான் நேர்கோட்டுக்காரர், சாய்வுக்கோடு விஷயத்துல சொந்தக் கூட்டாளி வான் டூஸ்பர்க் கூடவே முறிச்சுக்கிட்டவரு. அவர் தலையில வளையிற சொல்லைக் கட்டுறீங்களே.

சுங்கை துவா அண்ணன்:
ஐயா அந்தச் சண்டை 1924, 25 வாக்குல. நான் சொல்ற மரம் 1912, அதுல அத்தனையும் வளைவு. நீங்களே எனக்குச் சாட்சி சொல்லிட்டீங்க, நன்றி.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி:
கேள்வித்தாள்ல கோட்டுப்பூன்னு போட்டா பிள்ளைங்க கோட்டு சட்டையில குத்துற பூன்னு எழுதுவாங்க 😂 அப்புறம் ஒரு சந்தேகம், செவ்வந்தியும் சாமந்தியும் ஒன்னா வேற வேறயா?

(செவ்வந்தி பத்தி வந்ததையெல்லாம் இங்க விட்டுடுறேன், அது ராத்திரி முழுக்க ஓடுச்சு, எங்க அம்மாச்சி காலத்துக் கனகாம்பரம் வரைக்கும் போயிடுச்சு.)

ஜெலுத்தோங் அக்கா:
சரி, வடிப்பை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். வடிவியல் எல்லாப் பிள்ளைக்கும் கணிதத்துல தெரிஞ்ச சொல், அருவம் ஐயா சொன்னது. வடிவியல் அருவம்னு வச்சிட்டு எல்லாரும் போய்ப் படுங்க.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி:
+1. தூக்கம் வருது.

பட்டர்வர்த் டீச்சர்:
வடிவியல் அருவம்னே போட்டு அனுப்பிட்டேன். படத்தையும் மாத்திட்டேன், இப்ப பூத்த ஆப்பிள் மரம். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

சுங்கை துவா அண்ணன்:
படத்தை மாத்தினதுக்குச் சந்தோஷம் டீச்சர். பேரை நான் ஒத்துக்கல, அதையும் இங்க பதிஞ்சு வச்சிடுறேன்.

செந்தூல் ஐயா:
வடிவியல் அருவமா, வடிவியலருவமா? சேர்த்துத்தான் எழுதணும். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி யாராச்சும் டீச்சருக்கு போன் போடுங்க.