"காட்டை வெட்டினது எங்க தாத்தாங்களா மிஸ்?" – கிரேடு 8க்குச் சுற்றுச்சூழல் பாடம், யோசனை வேண்டும்

ரோஸ்ஹில் தமிழ் டீச்சர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் ரோஸ் ஹில் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். மனிதர்களால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆனது என்பதைப் பற்றி, விஞ்ஞான டீச்சரோடு சேர்ந்து கிரேடு 8க்கு ஒரு புராஜெக்ட் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் பிள்ளைகளையே சார்ட் வரைந்து வரச் சொன்னேன். வந்ததில் பாதி பனிக்கரடி. மீதி, கழுத்தில் பிளாஸ்டிக் மாட்டிய கடலாமை, அடியில் "மரம் நடுவோம், மண்ணைக் காப்போம்". பனிக்கட்டியை ஃப்ரிட்ஜுக்கு வெளியே பார்க்காத பிள்ளைகள்! தப்பென்று சொல்லவில்லை, ஆனால் பன்னிரண்டு பதின்மூன்று வயதிலும் இப்படி ஒப்பித்துக்கொண்டே போனால் எதுவும் மண்டையில் ஏறாது.

சரி, நம் ஊருக்கே வருவோம் என்று, மொரீஷியஸின் பழைய காடு இப்போது நூற்றுக்கு இரண்டு பங்குகூட மிஞ்சவில்லை, போனதில் பெரும்பகுதி கரும்புக்காகப் போனது என்று சொன்னேன். உடனே ஒரு பெண், "அப்போ வெட்டினது எங்க தாத்தாங்களா மிஸ்?" என்று கேட்டுவிட்டாள். பக்கத்துப் பையன், "அவங்க எங்க வெட்டினாங்க, அவங்களை வெட்ட வச்சாங்க" என்றான். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றுவதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் இதை விட்ட இடத்திலிருந்து எடுக்க வேண்டும், எப்படி எடுப்பது? இன்னொன்று, கையில் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஏதாவது செய்ய ஆசை. பஸ் வைத்து எங்கும் கூட்டிப்போகக் காசில்லை, ஒருமுறை வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம்.

காத்ர்போர்ன் வாத்தியார்

அந்தப் பெண்ணின் கேள்விதான் டீச்சர் உங்கள் பாடமே. மழுப்பிவிடாதீர்கள். நான் வேலையில் இருந்தபோது சரித்திரம் எடுத்தவன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகையில் நான்கு கட்டம் போடுங்கள்: முடிவெடுத்தது யார், கை யாருடையது, லாபம் யாருக்கு, போனது என்ன. ஒவ்வொரு காலத்தையும் இதில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டச்சுக்காரர்கள் 1598இல் வந்து இறங்கினார்கள், 1638இல் குடியேறினார்கள். அவர்களுக்குக் கருங்காலி மரம் வேண்டியிருந்தது. மறுவருஷமே ஜாவாவிலிருந்து கரும்பும் மானும் வந்தன. கப்பலோடு எலியும் வந்தது, பன்றியும் குரங்கும் வந்தன. டோடோவை மாலுமிகள் தின்றே தீர்த்துவிட்டார்கள் என்று பிள்ளைகள் சொல்வார்கள், ஆனால் தரையில் கூடு கட்டுகிற பறவைக்கு அதைவிடப் பெரிய எமன் முட்டை தின்னும் எலியும் பன்றியும்தான், போதாததற்குக் காடும் போனது. 1710இல் டச்சுக்காரர்கள் தீவை விட்டுப் போனபோது டோடோ இல்லை.

அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள், 1810இல் பிரிட்டிஷ்காரர்கள். இங்கே நிறுத்தி 1825 என்ற வருஷத்தைப் பெரிதாக எழுதுங்கள். மொரீஷியஸ் சர்க்கரைக்குப் போட்டிருந்த கூடுதல் தீர்வையை அந்த வருஷம் லண்டனில் எடுத்துவிட்டார்கள், மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையும் நம் சர்க்கரையும் ஒரே வரிக்கு வந்தன. அதன்பிறகுதான் கரும்பு காட்டை மளமளவென்று தின்றது. லண்டனில் போட்ட ஒரு கையெழுத்துக்கு இங்கே மலையடிவாரம் வரை மரம் சாய்ந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டிவிட்டால் போதும், மற்றதை அவர்களே பிடித்துக்கொள்வார்கள். வெட்டிய கை முதலில் அடிமைகளுடையது. 1834இலிருந்து இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகளுடையது, மாதம் ஐந்து ரூபாய்க்கு. கரும்பு வயலுக்கு நடுவில் குவித்து வைத்திருக்கிற அந்தக் கருங்கல் மேடுகளைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறார்களே, அந்தக் கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டது யார் என்று கேளுங்கள்.

ஆனால் "நம்மவர்கள் பாவம்" என்று அங்கேயே முடித்துவிடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பெரிய எஸ்டேட்டுகள் நிலத்தைத் துண்டு போட்டு விற்றபோது வாங்கியதில் நம் ஆட்களும் உண்டு. அவர்கள் சொந்த முடிவில், சொந்தப் பிள்ளைகளுக்காகக் கரும்பு நட்டார்கள். அந்தக் கட்டத்தில் "முடிவெடுத்தது" என்ற இடத்தில் தாத்தா பெயரும் வரும். வரட்டும். படிப்பு வந்ததே அந்தக் கரும்பிலிருந்துதான். இரண்டும் உண்மை, இரண்டையும் ஒரே பலகையில் எழுதலாம்.

டோடோ போனதால் தாம்பலகோக் மரத்துக்கும் முளைக்க வழியில்லாமல் போன கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

மாஹேபூர்க்காரன்

வாத்தியார் நானூறு வருஷத்தைச் சொல்லிவிட்டார், நான் 2020ஐச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு அப்போது ஏழெட்டு வயது, ஞாபகம் இருக்கும்.

வகாஷியோ கப்பல் ஜூலை 25 அன்று புவாந்த் தெஸ்னி பவளத்திட்டில் ஏறி உட்கார்ந்தது. ஆகஸ்ட் 6இல் எண்ணெய் கசிய ஆரம்பித்து ஆயிரம் டன் அளவுக்குக் கடலில் கலந்தது. கப்பல் ஏன் அவ்வளவு கரைக்குப் பக்கத்தில் வந்தது தெரியுமா? போனுக்கு சிக்னல் பிடிக்க. நான் கட்டிவிடவில்லை, ஜப்பான் விசாரணை அறிக்கையே சொன்னது. இதை வகுப்பில் சொல்லுங்கள், அரை நிமிஷம் சிரிப்பார்கள், அப்புறம் மேசைக்கடியில் இருக்கிற தங்கள் போனைப் பார்ப்பார்கள்.

அந்த வாரம் நாங்கள் எல்லோரும் கடற்கரையில்தான் இருந்தோம். துணியைப் பை மாதிரி நீளமாகத் தைத்து, உள்ளே கரும்புச் சோகையைத் திணித்து, மிதக்கக் காலி பாட்டிலைக் கட்டிக் கடலில் விட்டோம். சலூன்களிலிருந்து முடி மூட்டை மூட்டையாக வந்தது. வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் அந்த எண்ணெய் நாற்றம் போகாது, சோறு வாயில் வைத்தால் அதே நாற்றம்.

இதை வகுப்பிலேயே செய்யலாம், காசே வேண்டாம். ஒரு பேசினில் உப்புத் தண்ணீர். சமையல் எண்ணெயில் மஞ்சள்தூள் போட்டு வீட்டில் லேசாகச் சூடாக்கி ஆறவைத்து வடிகட்டிக் கொண்டுபோங்கள், எண்ணெய் மிதப்பது பளிச்சென்று தெரியும். பழைய ஸ்டாக்கிங்ஸில் ஒன்றில் காய்ந்த சோகை, ஒன்றில் முடி, ஒன்றில் பஞ்சு. முன்னும் பின்னும் எடை போடச் சொல்லுங்கள். பஞ்சு தண்ணீரையும் சேர்த்துக் குடித்துவிட்டு எடை காட்டும், அதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்களா பாருங்கள். அப்புறம் இன்னொரு பேசினில் பாத்திரம் கழுவும் சோப்பு ரெண்டு சொட்டு. எண்ணெய் உடைந்து கலைந்துவிடும், "போயிடுச்சு!" என்பார்கள். தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் காட்டுங்கள், கலங்கல் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் எண்ணெய் குடித்த அந்தப் பைகளை மேசைமேல் போட்டு, "இதை எங்கே போடுவது?" என்று கேளுங்கள். எங்களுக்கும் அதுதான் பிரச்சினை ஆனது. சேர்த்ததெல்லாம் விஷக் குப்பை. ஊருக்கு இருக்கிறதே மார் ஷிக்கோஸ் குப்பைக்கிடங்கு ஒன்று, அதுவும் எப்படி வழிகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

லீச்சிக்காரர்

டீச்சர்மார் கோபித்துக்கொள்ளக் கூடாது, நான் பெற்றோர் பக்கத்திலிருந்து பேசுகிறேன். என் மகள் போன வருஷம் பள்ளியிலிருந்து வந்து, "பப்பா, நீங்க வௌவாலைக் கொல்றவங்க" என்றாள். நான் ஒரு வௌவாலைத் தொட்டதுகூட இல்லை! மூன்று லீச்சி மரம் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். 2015இலிருந்து சில தடவை பழந்தின்னி வௌவாலை ஆயிரக்கணக்கில் சுட்டது அரசாங்கம். அது அழியும் ஆபத்தில் இருக்கிற பிராணி, காட்டு மரங்களின் விதையைப் பரப்புகிறது, எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் டிசம்பரில் ஒரு ராத்திரியில் ஒரு மரம் காலியாவதையும் யாராவது வகுப்பில் சொல்ல வேண்டாமா?

அதனால் ஒரு கணக்கு வேலை கொடுங்கள். லீச்சி காலத்தில் பெரும்பாலும் லீவு வந்துவிடும், லீவு வேலையாகவே இருக்கட்டும். காலையில் மரத்தடியில் விழுந்ததைக் கூட்டிவைத்துப் பிரிக்க வேண்டும்: வௌவால் கடித்தது, மைனாவும் கொண்டைக்குருவியும் கொத்தியது, காற்றில் விழுந்தது, பறிக்காமல் அழுகியது. வௌவால் கடியில் பல் பதிந்திருக்கும், சப்பிவிட்டுத் துப்பிய சக்கையும் கிடக்கும். என் மகளும் நானும் செய்தோம். வௌவால் நான் நினைத்ததைவிடக் குறைவு, அவள் நினைத்ததைவிட அதிகம். இப்போது ஒரு மரத்துக்கு வலை போட்டிருக்கிறேன், மூன்றுக்கும் போட வசதியில்லை.

கொத்தனார் மகன்

சின்னதாக ஒன்று. ஒரு பிடி வெள்ளை மணல், ஒரு பிடி ராக் சாண்ட், ஒரு பாட்டில் வினிகர். வெள்ளை மணலில் விட்டால் நுரைக்கும், ஏனென்றால் அது பவளமும் சிப்பியும் நொறுங்கியது. கருங்கல்லை அரைத்த ராக் சாண்ட் சும்மா கிடக்கும். 2001இல் லகூன் மணலை அள்ளுவதைத் தடை செய்யும்வரை நம் வீடுகளைக் கட்டியதெல்லாம் அந்த வெள்ளை மணலில்தான், அதற்கு முன்னால் பவளத்தையே காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். பழைய வீடு இருக்கிற பிள்ளைகளைச் சுவரில் பூச்சு பெயர்ந்த இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள், சிப்பித்துண்டு அப்படியே தெரியும். (பெயர்த்துப் பார்க்கச் சொல்லாதீர்கள், பாட்டிகளிடம் நீங்கள்தான் திட்டு வாங்க வேண்டும்.)

டர்பன் அண்ணாச்சி

நான் இருப்பது தென்னாப்பிரிக்கா, இங்கேயும் கரும்புதான், இங்கேயும் அதே தாத்தா கேள்விதான். எங்கள் பள்ளிகளில் மினிசாஸ் என்று ஒரு முறை உண்டு. ஓடையில் இறங்கிக் கல்லைப் புரட்டி, அடியில் என்ன பூச்சி இருக்கிறது என்று பார்த்து, வகைக்கு ஒரு மதிப்பெண் போட்டுச் சராசரி எடுப்பது. சுத்தத் தண்ணீரில் மட்டும் வாழ்கிற பூச்சிக்கு மதிப்பெண் அதிகம், புழுவுக்கும் அட்டைக்கும் குறைவு. அந்த அட்டவணை இந்த நாட்டு ஆறுகளுக்காகச் செய்தது, உங்கள் தீவுக்கு அப்படியே பொருந்தாது. பள்ளிப் பக்கத்து ஓடையில் வீடுகளுக்கு மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம் என்று ஒப்பிட்டாலே போதும். மழை பெய்த மறுநாள் இறக்காதீர்கள்.

தீவு வழிகாட்டி

வாத்தியார் ஐயா சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் மறுப்பு. தாம்பலகோக் கதையை உண்மை என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். டோடோ வயிற்றுக்குள் போய் வந்தால்தான் விதை முளைக்கும் என்று 1977இல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டான்லி டெம்பிள் எழுதினார், கேட்க அழகாக இருந்ததால் உலகமெல்லாம் பரவியது. டோடோ இல்லாமலும் அந்த விதை முளைக்கிறது என்று பிறகு வந்தவர்கள் காட்டிவிட்டார்கள்.

அதற்குப் பதில் நடந்த கதையே இருக்கிறது. ஈல் ஓ ஸெக்ரெட் தீவு, மாஹேபூருக்குப் பக்கத்தில் 26 ஹெக்டேர். நம் நாட்டு ராட்சத ஆமைகள் அழிந்துவிட்டதால் அல்டாப்ராவிலிருந்து வேறு இன ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை கருங்காலிப் பழத்தைத் தின்று போட்ட இடங்களில், தாய் மரத்துக்கு வெகு தள்ளி, கன்று முளைத்தது. பிள்ளைகள் அந்தக் கன்றைப் பார்க்கலாம்.

அப்புறம் நம் தேசியப் பறவையான வல்லூறு. காடு போய், பூச்சிமருந்து டிடிடியும் சேர்ந்து, 1974இல் தெரிந்த கணக்கு மொத்தம் நான்கு. கார்ல் ஜோன்ஸ் என்பவர் வந்து கூட்டிலிருந்து முதல் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்தார், தாய் மறுபடி முட்டையிட்டது. இப்படியே நூற்றுக்கணக்காகப் பெருகியது. ஆனால் கதை முடிந்துவிட்டது என்று சொல்லாதீர்கள், எண்ணிக்கை மறுபடி இறங்கி 2014இல் திரும்பவும் ஆபத்துப் பட்டியலுக்குப் போய்விட்டது. பறவையைப் பெருக்கலாம், அது உட்காரக் காடு வேண்டுமே.

ரோஸ்ஹில் தமிழ் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயாவின் நான்கு கட்டத்தை அடுத்த வகுப்பில் போடப்போகிறேன், வகாஷியோவையும் அதே கட்டத்தில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். வினிகரும் பேசினும் விஞ்ஞான டீச்சர் தலையில். லீச்சிக்காரர் அண்ணா, பெற்றோர் தினத்தன்று வந்து வௌவால் பக்கமும் உங்கள் பக்கமும் ஒரு கால்மணி நேரம் பேச முடியுமா? ஒருமுறை பஸ் கிடைத்தால் தீவுக்குத்தான். வழிகாட்டி தம்பி, என்ன கொண்டுவர வேண்டும்?

லீச்சிக்காரர்

வருகிறேன். மகளையும் பேசச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் இருக்க முடியாது.

தீவு வழிகாட்டி

முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள் அக்கா, படகில் இடம் குறைவு. தொப்பி, தண்ணீர், மூடின ஷூ. படகில் ஏறுமுன் ஷூவின் அடியைத் துலக்கச் சொல்லுங்கள், விதை ஒட்டிக்கொண்டு தீவுக்கு வந்துவிடும். ஆமைக்கு வாழைப்பழம் கொண்டுவரவே கூடாது, எல்லாப் பள்ளியும் கொண்டுவருகிறது.