பெயர் பொறிக்கப்படாத பழைய பூல் கியூ: செய்தவரைச் சொல்ல முடியுமா?

பச்சைத்துணி:
அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் கையாக வாங்கிய, இரு துண்டுகளாகக் கழலும் பூல் கியூ (பூல் மேசையாட்டத்தில் பந்தை அடிக்கும் கோல்) ஒன்று என்னிடம் உள்ளது. கையொப்பம், முத்திரை, வரிசை எண் எதுவும் அதில் இல்லை. நீளம் 58 அங்குலம். இரு துண்டுகளும் சேரும் ஜாயிண்டின் வளையம் துருப்பிடிக்காத எஃகு. அதிலுள்ள பின்னின் (துண்டுகளைப் பிணைக்கும் திருகாணியின்) விட்டம் 5/16 அங்குலம். திரெட் கேஜ் வைத்துப் பார்த்ததில் அங்குலத்துக்கு 14 மரைகள். ஷாஃப்டின் (பந்தை அடிக்கும் மெல்லிய மேல்துண்டின்) அடியிலுள்ள பித்தளைச் செருகலின் நுனி சற்று வெளியே நீண்டு, எஃகு வளையத்துக்குள் இறுக்கமாக உட்காருகிறது. பிடிக்கு மேலே மேப்பிள் மரத்தில் நான்கு கருமரப் பாயிண்டுகள் (ஈட்டிமுனை போன்ற அலங்கார மரத்துண்டுகள்) வண்ண வெனீர் (மெல்லிய மரத்தகடு) விளிம்புகளுடன் ஏறுகின்றன. அவற்றின் நுனிகள் கூர்மையானவை, ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சிறிது தாழ்ந்து நிற்கிறது. பிடியில் பச்சைப் புள்ளிகள் கொண்ட வெள்ளை லினன் நூல், அடியில் வெள்ளை மூடி, மேற்பூச்சில் மஞ்சளும் மயிரிழை வெடிப்புகளும் உள்ளன. ஷாஃப்டின் வளையம் அடித்துண்டின் வளையத்தோடு ஒத்துப்போகவில்லை. விற்றவர் இதைப் புகழ்பெற்ற அமெரிக்கக் கியூ கைவினைஞர் ஜார்ஜ் பாலபுஷ்கா செய்தது என்றார். அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

மரையளவன்:
நீங்கள் தந்த விவரங்களிலேயே பாதி விடை இருக்கிறது. 5/16 அங்குலத் திருகாணிக்குப் பொதுத் தொழில் தரம் அங்குலத்துக்கு 18 மரை என்பதால், 14 மரை என்பது வன்பொருள் கடையில் கிடைத்ததை எடுத்துப் பொருத்தியதல்ல, கியூவுக்கென்றே வெட்டப்பட்டது. துருப்பிடிக்காத எஃகு வளையம், நீண்ட பித்தளை நுனி, 14 மரை ஆகிய மூன்றும் சேர்ந்த ஜாயிண்ட், 1960களிலும் 1970களிலும் அமெரிக்காவில் தனிப்பட்டறை வைத்திருந்த கைவினைஞர்களின் முத்திரை போன்றது. பாலபுஷ்கா அதைத்தான் பயன்படுத்தினார், கஸ் சாம்போட்டியும் அப்படியே. பாயிண்டுகளின் நுனி கூர்மையாக இருப்பதால், அவை கணினி எந்திரம் குடைந்த பள்ளத்தில் பதிக்கப்பட்டவை அல்ல, V வடிவப் பள்ளம் வெட்டி ஒட்டப்பட்டவை என்று கொள்ளலாம். சுழலும் வெட்டுக்கத்தி குடைந்திருந்தால் நுனியில் அதன் ஆரம் அளவுக்காவது வளைவு தங்கியிருக்கும். ஒரு பாயிண்ட் தாழ்ந்து நிற்பதும் அதற்கு இசைவானதே. V பள்ளத்தில் ஒட்டிய மரத்தைக் கடையும்போது மையம் இழையளவு விலகினாலும் உயரங்கள் மாறிவிடும். லினன் நூலையும் சேர்த்துப் பார்த்தால் இது பாலபுஷ்காவின் வட்டத்தைச் சேர்ந்த வேலை என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

ஐயப்பாடு:
நான் தயங்குவேன். மரையளவன் காட்டிய ஒவ்வொரு கூறும் உண்மை. அவற்றிலிருந்து எடுத்த முடிவுதான் அவற்றுக்கு மிஞ்சியது. டான் ஜேன்ஸும் பில் ஸ்ட்ரவுடும் 1968இல் தொடங்கிய ஜோஸ் நிறுவனத்தின் கியூக்களிலும் அதே 14 மரையும் அதே எஃகு வளையமும் உண்டு. அமெரிக்கச் சந்தைக்காக 1970களில் ஜப்பானில் ஆடம் நிறுவனம் செய்தவையும் அங்குல மரைகள் கொண்டவைதாம். ஆகவே அங்குல மரையைக் கண்டதும் அமெரிக்கப் பட்டறை என்று எழுதிவிட முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பாலபுஷ்கா 1959இல் கியூ செய்யத் தொடங்கி 1975இல் மறைந்தார். அவர் பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்லிஸ்ட் கியூக்களை எடுத்து இரு துண்டாக மாற்றினார். பின்னர் பர்ட்டன் ஸ்பெய்னிடமும் சாம்போட்டியிடமும் பாயிண்ட் ஒட்டிய வெற்று மரத்துண்டுகளை வாங்கிக் கடைந்தார். அதாவது, பாயிண்டுகளை ஒட்டிய கை ஒன்று, கியூவாக முடித்த கை இன்னொன்று. அதே துண்டுகள் வேறு பலருக்கும் விற்கப்பட்டன. பாயிண்டுகளின் கோணத்தையும் வெனீர் வரிசையையும் எவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தாலும், நமக்குக் கிடைப்பது ஒட்டியவரைப் பற்றிய சாட்சியமே தவிர, கடைந்து முடித்தவரைப் பற்றியது அல்ல. விற்றவர் சொன்ன பெயர் இரண்டாமவருடையது.

கடைசல்:
பழுது பார்ப்பவன் என்ற முறையில் இடையில் ஒன்று சொல்கிறேன். எந்தப் பகுதி சாட்சி சொல்லத் தகுதியுடையது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். டிப் (பந்தில் படும் நுனித் தோல்), ஃபெரூல் (அதைத் தாங்கும் நுனிக் குப்பி), நூல் சுற்று, அடியிலுள்ள ரப்பர் பம்பர் ஆகியவை தேய்ந்ததும் மாற்றப்படுபவை. ஷாஃப்ட் முழுவதுமே மாற்றப்படும். உங்கள் கியூவில் வளையங்கள் ஒத்துப்போகாதது அதைத்தான் காட்டுகிறது. எஃகு வளையமும் பின்னும்கூட மாற்றப்படுவதுண்டு, 14 மரைப் பின்களைக் கியூ உதிரிபாகம் விற்போர் இன்றும் தருகிறார்கள். பச்சைப் புள்ளி லினன் சென்ற ஆண்டு சுற்றியதாகவும் இருக்கலாம், அதை வைத்துக் காலம் கணிப்பது வீண். எளிதில் மாற்ற முடியாதவை பாயிண்டுகள் ஒட்டிய முன்மரமும், அது கைப்பிடி மரத்தோடு நூலுக்கு அடியில் இணையும் விதமும்தாம்.

மரையளவன்:
கடைசல் அவர்களின் பிரிவினையை ஏற்கிறேன். ஆனால் ஐயப்பாடு அவர்களின் வாதத்தில் ஒரு பொருத்தக் குறைவு உள்ளது. ஒவ்வொரு கூறும் தனித்தனியே பலருக்குப் பொதுவானது என்பதால், அவற்றின் சேர்க்கையும் பலருக்குப் பொதுவானது என்று ஆகிவிடாது. கையெழுத்தில் ஒரு எழுத்தைப் பலரும் ஒரே மாதிரி எழுதுவார்கள். ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மாதிரி எழுதுவோர் மிகச் சிலர். கியூவிலும் வளையங்களின் அகலம், பிடிக்கு மேலும் கீழும் விட்டுள்ள இடைவெளி, அடிமூடியின் உயரம், ஜாயிண்டிலிருந்து பிடிவரை விட்டம் பெருகும் சாய்வு ஆகியவை ஒரு பட்டறையின் பழக்கங்கள். அவற்றை ஒருசேர அளந்து, பெயர் உறுதியான கியூக்களோடு ஒப்பிட்டால், செய்தவரைப் பெரும்பாலும் நெருங்கிவிடலாம்.

மேலும், இப்போது கையொப்பம் காணப்படவில்லை என்பதற்கு, எப்போதும் இருந்ததில்லை என்று பொருளாகாது. கையொப்பம் மேற்பூச்சின் அடியில் மரத்தில் இருக்கும். பழைய பூச்சைத் தேய்த்துவிட்டுப் புதிதாகப் பூசுபவர் அதையும் சேர்த்துத் தேய்த்துவிடுவார். பக்கவாட்டு வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தால் பொறித்த கோட்டின் மங்கிய தடம் சில சமயம் தெரியும். புற ஊதா விளக்கிலும் பாருங்கள்.

ஐயப்பாடு:
சேர்க்கையைப் பற்றிய வாதம் பொதுவாக நல்ல வாதம். ஆனால் எவரும் நகல் எடுக்க முனையாத கைவினைஞருக்குத்தான் அது பொருந்தும். பாலபுஷ்காவோ இந்தத் துறையிலேயே மிக அதிகமாகப் பின்பற்றப்பட்டவர். நான்கு பாயிண்ட், வண்ண வெனீர், லினன் நூல், எஃகு ஜாயிண்ட் என்ற முழுச் சேர்க்கையைத்தான் பிறர் பார்த்துச் செய்தார்கள். 1986இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற திரைப்படத்தில் பாலபுஷ்கா என்று காட்டப்பட்ட கியூவே உண்மையில் ஜோஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. திரையில் பார்த்தவர்களுக்கு வேறுபாடு தெரியவில்லை. அதன்பின் அந்தத் தோற்றத்துக்கு ஏற்பட்ட மோகத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, உங்கள் ஒப்பீட்டில் எல்லா அளவுகளும் பொருந்தினால், அது அவர் செய்தது என்றோ, அவரை நன்கு அளந்து பார்த்த ஒருவர் செய்தது என்றோ இரு முடிவுகள் எஞ்சும். அளவுகள் அவ்விரண்டையும் பிரித்துக் காட்டா.

வெளித்தோற்றத்தைப் பின்பற்றுபவர் உள்ளே எப்படிச் செய்தார் என்பதில் அவ்வளவு கவனம் செலுத்துவதில்லை. அங்கேதான் நாம் பார்க்க வேண்டும். டைட்லிஸ்டிலிருந்து மாற்றப்பட்ட கியூவில் கைப்பிடி மரமே நான்கு விரல்களாக மேலே நீண்டு மேப்பிளோடு பின்னிக்கொண்டிருக்கும். பாயிண்டுக்கும் பிடிக்கும் ஒரே மரம். நூலுக்கு அடியில் குறுக்குச் சந்தும் இல்லை, இணைப்பு போல்ட்டும் இல்லை. பள்ளம் வெட்டித் தனியே ஒட்டிய பாயிண்டுகள் என்றால், முன்மரமும் பிடியும் தனித்தனித் துண்டுகளாக நூலுக்கு அடியில் சந்திக்கும். பெரும்பாலும் ஒரு திருகாணி அவற்றைப் பிணைத்திருக்கும். நூலை அவிழ்க்காமலே எக்ஸ்ரே படத்தில் இது தெரிந்துவிடும். பெயரைச் சொல்லாவிட்டாலும், சில பெயர்களை உறுதியாக நீக்கித் தரும் சோதனை இது.

பச்சைத்துணி:
இருவருக்கும் நன்றி. அடிமூடி தந்தம் என்று விற்றவர் கூறியிருந்தார். அது உண்மையானால் காலத்தை 1990க்கு முன்னே நிறுத்திவிடலாம் அல்லவா?

கடைசல்:
நிறுத்த முடியாது. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத் தடை 1990இல் நடைமுறைக்கு வந்தது உண்மைதான். ஆனால் கையிருப்பில் இருந்த தந்தத்தை அதன்பிறகும் கியூ செய்வோர் பயன்படுத்தினர். 1992இல் வணிகத் தடைக்கு உள்ளான பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் இதே கதைதான். தடை ஆண்டு பொருள் வெட்டப்பட்ட காலத்தைப் பற்றி ஏதேனும் சொல்லலாம், கடைந்த காலத்தைப் பற்றிச் சொல்லாது.

தந்தமா என்று பார்ப்பதற்கு ரப்பர் பம்பரைக் கழற்றி, மூடியின் அடிமுகத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். யானைத் தந்தத்தின் குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள் வலைபோல் தெரியும். வெளிவட்டத்தில் அவை 115 பாகைக்கு மேற்பட்ட விரிகோணத்தில் வெட்டிக்கொண்டால் யானை, 90 பாகைக்குக் குறைந்தால் மாமத் (அழிந்துபோன யானை இனம்). கோடே இல்லாமல் சீரான வெண்மையாக இருந்தால் டெல்ரின் போன்ற பிளாஸ்டிக் என்று கொள்ளலாம். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். பம்பரைக் கழற்றும்போதே உள்ளே தெரியும் எடைத் திருகாணியையும் படம் எடுத்துவிடுங்கள். செய்தவர் பென்சிலில் எழுதிய குறிப்பு அந்தத் துளைக்குள் மறைந்திருப்பதும் உண்டு.

மேற்பூச்சின் மஞ்சளும் வெடிப்பும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கு உரிய குணங்கள். புற ஊதா ஒளியில் இறுகும் இன்றைய பூச்சுகள் இப்படிச் சன்னமாக வெடிப்பதில்லை. உங்கள் கியூவில் பழையதாக எனக்குத் தோன்றும் ஒரே அடையாளம் அதுதான். ஆகவே எக்காரணம் கொண்டும் புதிதாகப் பூசக் கொடுத்துவிடாதீர்கள்.

மரையளவன்:
அப்படியானால் லாக்கர், V பள்ளம், பழைய மேப்பிள் ஆகியவற்றைக் கொண்டு 1980க்கு முந்தைய அமெரிக்க வேலை என்றாவது எழுதலாமே. எதையுமே சொல்லாமல் விடுவதும் அறிவுக்கு நேர்மையாகாது. வாங்குபவர் பெயர் தெரியாதது என்ற சொல்லைக் கண்டவுடன் மலிவான ஆலைச் சரக்கு என்று எண்ணிவிடுகிறார். அது இந்த வேலைப்பாட்டுக்கு இழைக்கும் அநீதி.

ஐயப்பாடு:
மரை, எஃகு வளையம், பாயிண்ட் ஒட்டிய முறை, பூச்சு என்று கண்ணால் கண்டதை எல்லாம் எழுதட்டும். வேலைப்பாட்டின் மதிப்பை அவையே எடுத்துச் சொல்லும். 1980 என்ற எல்லைக்கு மட்டும் ஆதாரம் இல்லை. அந்த ஆண்டுக்குப் பிறகும் V பள்ளம் வெட்டியவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள், லாக்கரும் அப்படியே. ஒரு கியூவின் காலத்துக்குக் கீழெல்லையைத் தருவது அதில் மாற்றப்படாத பகுதிகளில் மிகப் புதியது. அது எது என்று நாம் இன்னும் பார்க்கவே இல்லை. நூலுக்கு அடியில் என்ன ஒட்டுப்பசை, என்ன திருகாணி என்று தெரியும்வரை மேலெல்லையும் கீழெல்லையும் திறந்தே கிடக்கின்றன. விற்றவர் சொன்ன பெயரை அவர் சொன்னதாகவே குறித்து வைக்கலாம், கியூ சொன்னதாக அல்ல.

பச்சைத்துணி:
எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்கிறேன். அதற்கு முன் பம்பரைக் கழற்றி, அடிமுகம், எடைத் துளை, பக்கவாட்டு வெளிச்சத்தில் முன்மரம் ஆகிய மூன்றையும் படமெடுத்து இங்கே இடுகிறேன். மரையளவன் ஐயா ஒப்பிடுவதற்கு வசதியாக, ஜாயிண்டிலிருந்து ஒவ்வோர் அங்குலத்துக்கும் விட்டத்தை வெர்னியர் கேலிப்பரில் அளந்து தரவா?

மரையளவன்:
தாருங்கள். பித்தளைச் செருகலின் நுனி நீளத்தையும் அதன் விட்டத்தையும் சேர்த்துத் தாருங்கள். ஆனால் அந்த ஷாஃப்ட் மூலத்தது அல்ல என்று ஏற்கெனவே தெரிவதால், நுனி உட்காரும் எஃகு வளையத்தின் உள்விட்டத்தையும் ஆழத்தையும் தனியே அளந்து எழுதுங்கள்.

கடைசல்:
வளையத்தின் அடியில் வெள்ளை மரத்தூளோ புதிய பசைக்கோடோ தெரிகிறதா என்று அளக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்தால் வளையமும் பிற்காலத்தில் மாற்றப்பட்டது; பிறகு 14 மரையைப் பற்றி இங்கே யாரும் வாதாட வேண்டியிருக்காது.