இரைச்சலையே இசையா வாசிக்கிற நாய்ஸ் ஆளும் எலக்ட்ரானிக் இசை ஆளும் ஒரே டூர்ல போனா எப்படிப்பா செட் ஆகும்?

பீட்டுபாலு:
நேத்து ராத்திரி தூக்கம் வராம சூசைட்ங்கிற நியூயார்க் பேண்டோட பிரஸ்ஸல்ஸ் ரெக்கார்டிங் கேட்டேன், 1978 ஜூன்ல ராக் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவுக்கு முன்னாடி வாசிச்சது. மொத்தமே 23 நிமிஷம், அதுல பாதி கூட்டம் கத்துறதுதான், கடைசில மைக்கையே புடுங்கிட்டாங்க. பாடுறது ஆலன் வேகா, கூட மார்ட்டின் ரெவ் ஒரு கீபோர்டும் ரிதம் மெஷினும் வச்சுகிட்டு, அவ்ளோதான், கிட்டார் கிடையாது. இந்த மாதிரி ஆளுங்கள எதுக்கு டூர்ல சேர்க்குறாங்க? எல்லா டூரும் இப்படி அடிதடிலதான் முடியுமா?

கேசட்காரன்:
அதே வருஷம் கிளாஷ்ங்கிற பங்க் ராக் பேண்ட் கூட இங்கிலாந்து டூரும் போனாங்க பாலு, அங்கயும் இதே கதைதான், கிளாஸ்கோவுல தலைய ஒட்டி ஒரு கோடாரி பறந்துச்சுனு வேகா பின்னாடி பேட்டில சொல்வாரு. ஆனா கவனி, சேர்த்துகிட்ட பேண்டுக்கு அவங்கள ரொம்ப பிடிக்கும். டிக்கெட் வாங்கினவனுக்குத்தான் ஆகல. 1999ல நைன் இஞ்ச் நெயில்ஸ்ங்கிற ராக் பேண்டுக்கு முன்னாடி லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமில அட்டாரி டீனேஜ் ரயட்ங்கிற ஜெர்மன் எலக்ட்ரானிக் பேண்ட் ஏறுனாங்க, பாட்டே பாடாம கிட்டத்தட்ட அரை மணி நேரம் வெறும் இரைச்சல். அத அப்படியே ஆல்பமாவும் போட்டுட்டாங்க, கொழுப்புதான். ஆனா எனக்கு அவங்க மத்த ஆல்பத்த விட இதுதான் பிடிக்கும்.

ஒயர்மணி:
ராக் பேண்டுக்கு முன்னாடி ஏத்தி விடுறத எல்லாம் சேர்ந்து போற டூர்னு சொல்லாதீங்க ப்ளீஸ். நாய்ஸ் ஆளும் சிந்தசைசர் வாசிக்கிற ஆளும் சேர்ந்து போறதுக்கு முதல் காரணம் காசு. டிரம்ஸ் இல்ல, ஆம்ப் இல்ல, ஆளுக்கு ஒரு சூட்கேஸ், நாலு பேரும் ஒரே கார்ல போயிடலாம், ஸ்பீக்கர் ஹால்லயே இருக்கும். நான் ஒருதடவ இப்படி ஒரு டூருக்கு வண்டி ஓட்டிருக்கேன். ஒருத்தர்கிட்ட பிஸ்கட் டப்பா மூடில பீசோ தகட்ட (அதிர்வ மின்சாரமா மாத்துற சின்ன தகடு, மைக் மாதிரி) சால்டர் பண்ணி கருப்பு டேப் சுத்தி வச்சிருந்தாரு, அதுதான் அவரோட வாத்தியம். இன்னொருத்தர் சவுண்ட் மிக்ஸரோட அவுட்புட்டையே திருப்பி அதோட இன்புட்ல சொருகி வாசிப்பாரு, வெளில இருந்து எந்த சத்தமும் போகாது, மிக்ஸருக்குள்ள இருக்குற லேசான இரைச்சலே சுத்திச் சுத்தி விசிலாவும் உறுமலாவும் மாறும். ஜப்பான்ல தோஷிமாரு நகமுரா இதுலயே பேர் வாங்குனவரு. எங்க டூர்ல ஒரு ஊர் சவுண்ட் இன்ஜினியர், பாவம் நல்ல மனுஷன், யாரோ தப்பா சொருகிட்டாங்கன்னு நெனச்சு சவுண்ட் செக்குக்கு அப்புறம் எல்லா ஒயரையும் கழட்டி அழகா சுருட்டி வச்சுட்டாரு 😭

சண்டை வந்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான், யாரு முதல்ல வாசிக்கிறதுனு. நாய்ஸ முதல்ல போட்டா கேக்குறவன் காது மரத்துப்போயிடும், கொஞ்ச நேரத்துக்கு மேல் ஸ்தாயி எல்லாம் காதுல விழாது, அப்புறம் மெதுவா ஆம்பியன்ட்னு அமைதியான இசை வாசிக்கிறவரு யாருக்கு வாசிப்பாரு? மூணாவது நாள்ல இருந்து அவர முதல்ல ஏத்துனோம், பிரச்சனை தீர்ந்துச்சு.

நடுராத்திரி:
+1. அப்புறம் வால்யூம் விட்டுட்டீங்க, பிரான்ஸ்ல 2017 சட்டப்படி 15 நிமிஷ சராசரி 102 டெசிபல் தாண்டக்கூடாது, அங்க போய் நாய்ஸ் வாசிக்கிறவங்க பாதி நேரம் மீட்டரப் பாத்துகிட்டேதான் நிப்பாங்க. பாலு, சேர்ந்து வாசிச்சா எப்படி இருக்கும்னு தெரியணும்னா ஜப்பான் நாய்ஸ் ஆளு மெர்ஸ்போவும் போரிஸ்ங்கிற ராக் பேண்டும் டோக்கியோவுல வாசிச்ச ராக் ட்ரீம் ஆல்பம் கேளு, 2007ல வந்தது. யாருக்கு யாரு ஓப்பனிங்ங்கிற பேச்சே இல்ல, ரெண்டு பேரும் ஒரே மேடை.

பீட்டுபாலு:
ராக் ட்ரீம் இப்பதான் போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து மிக்ஸி ரிப்பேரா தம்பினு கேட்டுட்டுப் போறாங்க

ஒயர்மணி:
வால்யூம குறைக்காத, அவங்களையும் உள்ள கூப்பிடு