பௌஹவுஸ் பள்ளியில் பெண்கள் தறிக்குப் போனது விருப்பத்தினாலா?

கேள்வி – கட்டடக்கலை மாணவி

வணக்கம். ஜெர்மனியில் இயங்கிய கலை, வடிவமைப்புப் பள்ளியான பௌஹவுஸ் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1919இல் வால்டர் குரோப்பியஸ் வைமார் நகரில் பள்ளியைத் தொடங்கியபோது, ஆண், பெண் வேறுபாடு இங்கே கிடையாது என்றார். ஜெர்மனியில் பெண்கள் முதன்முதலாக வாக்களித்ததும் அதே ஆண்டில்தான். முதல் பருவத்தில் ஆண்களைவிடப் பெண்களே சற்று அதிகமாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலப் புகைப்படங்களைப் புரட்டினால் பெண்கள் பெரும்பாலும் தறிக்கு அருகிலேயே இருக்கிறார்கள். விரும்பிப் போனார்களா, அனுப்பப்பட்டார்களா?

பதில் 1 – ஓவிய ரசிகர்

இரண்டும்தான். நூல், நிறம், துணி என்பவை பெண்களின் இயல்போடு ஒட்டியவை. ஆகவே நெசவில் அவர்கள் ஒளிர்ந்தார்கள். இதில் பெரிய சதி எதையும் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

பதில் 2 – தறிக்காரி

'இயல்பு' என்று மேலே எழுதியிருப்பவர் ஒரு நாள் தறியில் பாவு, அதாவது நீளவாட்டு இழைகளை, பூட்டிப் பார்க்கட்டும். முப்பது ஆண்டுகளாகத் தறியில் உட்காருகிறேன். என் முதுகுக்கு அந்த இயல்பு இன்னும் கைவரவில்லை.

மாணவிக்கு நேரான பதில்: அனுப்பப்பட்டார்கள். இத்தனை பெண்கள் வந்து சேருவார்கள் என்று குரோப்பியஸ் எதிர்பார்க்கவில்லை. பள்ளியின் பெயர் கைவேலைப் பள்ளி என்று சுருங்கிவிடுமோ என்ற அச்சம் அவருக்கு. 1920இலேயே, பெண்களைச் சேர்ப்பதில் கண்டிப்பு வேண்டும் என்று ஆசிரியர் குழுவிடம் சொல்லிவிட்டார். நெசவு, மட்பாண்டம், புத்தகக் கட்டு ஆகியவைதான் அவர்களுக்குத் திறந்திருந்த வழிகள். மட்பாண்டப் பிரிவும் அவர்களை மனம் விரும்பி ஏற்கவில்லை. மிஞ்சியது தறி.

அன்னி ஆல்பர்ஸ் 1922இல் வந்தபோது அவர் மனம் கண்ணாடி வேலையில் இருந்தது. இடம் கிடைக்காமல்தான் நெசவுக்கு வந்தார். நூல் வேலை என்றாலே பலவீனம் என்ற எண்ணம் அவருக்கே அப்போது இருந்தது. அந்தப் பெண் எட்டு ஆண்டுகள் கழித்துப் பட்டத்துக்காக என்ன செய்தார் தெரியுமா? பெர்லினுக்கு வெளியே பெர்னாவ் என்ற ஊரில் தொழிற்சங்கப் பள்ளி ஒன்றை, குரோப்பியஸுக்குப் பின் பௌஹவுஸ் இயக்குநரான ஹான்னஸ் மேயர் கட்டினார். அதன் அரங்குச் சுவருக்கு ஒரு துணி. முன்பக்கம் செலோபேன் இழை, விளக்கொளியைத் திருப்பி அனுப்பும். பின்பக்கம் பருத்தி, ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். ஒரே துணிக்கு இரண்டு வேலை. இது அலங்காரம் இல்லை, பொறியியல்.

அருங்காட்சியகம் ஒன்றில் பௌஹவுஸ் காலத்துத் துணி ஒன்றின் பின்பக்கத்தைப் பார்க்கக் குனிந்து, காவலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். முன்பக்கத்தில் இருப்பது நிறம். நெய்தவரின் மூளை பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அதைக் காட்டாமல் சட்டத்துக்குள் மாட்டி வைக்கிறார்கள்.

குண்டா ஷ்டோல்ட்ஸலையும் விட்டுவிடாதீர்கள். பணிமனையில் தறி இருந்தது, சாயம் போடக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. கிரெஃபெல்ட் ஊருக்குப் போய்க் கற்றுவந்து, மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். பள்ளி வைமாரிலிருந்து டெஸ்ஸாவ் நகருக்கு மாறிய பின், 1927இல் நெசவுப் பிரிவின் பொறுப்பு அவரிடம் வந்தது. பள்ளியில் பணிமனைத் தலைமைக்கு வந்த முதல் பெண் அவர்தான். கலையும் தொழிற்சாலையும் கைகோக்க வேண்டும் என்று குரோப்பியஸ் மேடையில் பேசியதை, ஆலைக்கு மாதிரித் துணிகள் நெய்து கொடுத்து நடத்திக் காட்டியது அந்தப் பிரிவு. 1931இல் அவரை வெளியேற வைத்தார்கள். யூதரான ஆரியே ஷாரோனை மணந்திருந்தார். அவர் வீட்டுக் கதவில் நாஜிகளின் ஸ்வஸ்திகா வரையப்பட்ட காலம் அது. சூரிச் நகருக்குப் போய் மறுபடி தறி போட்டார்.

பதில் 3 – உலோகப் பட்டறைப் பிரியர்

அம்மா, எல்லாக் கதவும் மூடியிருந்தது என்று சொல்ல முடியுமா? மரியான்னே பிராண்ட் உலோகப் பட்டறையில் இருந்தாரே! 1924இல் அவர் செய்த சின்னத் தேநீர்க் குடுவைக்கு இன்றும் மவுசு குறையவில்லை. 1928இல் பட்டறைப் பொறுப்பையும் ஏற்றார்.

பதில் 4 – தறிக்காரி

நல்ல எடுத்துக்காட்டு தம்பி, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். உலோகப் பட்டறையை அப்போது நடத்திய ஆசிரியர் மோஹோலி-நாட்ஜ் பரிந்து பேசியதால் அவர் உள்ளே போனார். போனதும் சலிப்பூட்டும் எடுபிடி வேலைகளைத்தான் கொடுத்தார்கள். பெண்ணுக்கு இங்கே இடமில்லை என்றே முதலில் நினைத்தோம் என்று சக மாணவர்கள் பின்னால் ஒப்புக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஒருவர் கதவை உடைத்து உள்ளே போனார் என்பதற்காகக் கதவு திறந்திருந்தது என்று ஆகாது.

அல்மா புஷ்ஷர் நெசவிலிருந்து மரவேலைக்கு மாறினார். 1923 கண்காட்சிக்காகக் கட்டிய வீட்டில் குழந்தைகள் அறைக்கு அறைகலன் செய்தார். கப்பலாக அடுக்கும்படி அவர் செய்த மரக்கட்டைகளைக் குழந்தைகள் இன்றும் அடுக்கி விளையாடுகிறார்கள். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், என் வாதம் கெட்டுவிடாது.

கேட்டவர்

நன்றி அம்மா. கட்டுரையின் கடைசியில் 'பெண்களின் பங்களிப்பு' என்று ஒரு பத்தி வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு, பெர்னாவ் அரங்கின் சுவரிலிருந்தே தொடங்கப் போகிறேன். வேறு யாரையாவது விட்டிருக்கிறேனா?

பதில் 5 – தறிக்காரி

ஒட்டி பெர்கர். காது சரியாகக் கேட்காது. துணியை விரலால்தான் அறிய வேண்டும் என்று எழுதியவர். தன் நெசவு முறைக்குக் காப்புரிமை வாங்கியவர். குரோப்பியஸ் கூட்டத்தில் பலர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். இவர் லண்டன் வரை போனார். 1938இல் தாய்க்கு உடல்நிலை சரியில்லை என்று யூகோஸ்லாவியாவுக்குத் திரும்பினார். யூதர் என்பதால் 1944இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் நாஜிகள் கொன்றார்கள். கட்டுரை முடிந்ததும் இங்கே போடுங்கள். பாவு, அதன் குறுக்கே ஓடும் ஊடை இரண்டையும் மாற்றி எழுதியிருக்கிறீர்களா என்று பார்த்துச் சொல்கிறேன்.