பாஸ்டன் ஏரிப் பனிக்கட்டி நாலு மாதம் கப்பலில் எப்படித் தாங்கியது?

கணக்கு வாத்தியார்:
எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மெரினாவுக்கு எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லத்துக்கு அழைத்துப் போகிறேன். அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமித்து வைக்க, பாஸ்டன் பனிக்கட்டி வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் அது என்பது வரை சொல்லிவிடுவேன். அடுத்த கேள்வி நிச்சயம் வரும். சூயஸ் கால்வாய் இல்லாத காலத்தில், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி வந்தது எப்படி மிஞ்சியது? "மரத்தூளில் பொதிந்து வந்தது" என்று எல்லாரும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கே அது போதவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சார்ல்ஸ்கரை:
வணக்கம் சார். நான் இருப்பது மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ் ஊர். டியூடரின் ஆட்கள் பனிக்கட்டி வெட்டிய ஃபிரெஷ் பாண்ட் ஏரிக்கரையில்தான் காலை நடை. இப்போது அது ஊருக்குக் குடிநீர் ஏரி.

முதலில், உருகாமல் வரவில்லை. 1833இல் 'டஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 டன் ஏற்றிக்கொண்டு கல்கத்தா போனது. போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய 100 டன். மிச்சம் தண்ணீராகப் போயிற்று. அப்படியும் கட்டுப்படியானது, ஏனென்றால் பாஸ்டனிலிருந்து இந்தியா போகும் கப்பல்களுக்குப் போகும்போது ஏற்ற அதிகம் சரக்கு கிடையாது. நிலை தடுமாறாமல் இருக்கக் கல்லை ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்த இடத்தில் பனிக்கட்டி ஏறியது, கூலியும் குறைவு. மரத்தூளோ மெய்ன் மாநில மர அறுவை ஆலைகள் வேண்டாமென்று தள்ளிய பொருள்.

ஆனால் மரத்தூளைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை என்பது என் வருத்தம். கட்டியின் வடிவம்! ஆரம்பத்தில் கோடரியாலும் ரம்பத்தாலும் கையால்தான் வெட்டினார்கள். ஒவ்வொன்றும் ஒரு கோணல். அடுக்கினால் நடுவில் சந்து, சந்தில் காற்று, அந்தக் காற்றே கட்டியைத் தின்றுவிடும். டியூடரிடம் வேலை பார்த்த நத்தானியேல் வைத் 1825 வாக்கில் குதிரை இழுக்கும் கலப்பை ஒன்றைச் செய்தார். உறைந்த ஏரிமேல் அது இணைகோடுகளாகக் கீறிக்கொண்டே போகும், பிறகு குறுக்கே கீறும். எல்லாக் கட்டியும் ஒரே அளவுச் சதுரம். சந்தில்லாமல் அடுக்கினால் ஆயிரம் கட்டியும் ஒரே பாறை.

உங்கள் பாடத்துக்கே இது பொருந்தும். 1 அடிக் கனசதுரத்துக்கு 1 கன அடிக்கு 6 சதுர அடி வெளிப்பரப்பு. 10 அடிக் கனசதுரத்துக்கு 1,000 கன அடிக்கு 600 சதுர அடிதான். கன அடிக்கு 0.6! வெப்பம் வெளிப்பரப்பு வழியாக மட்டுமே உள்ளே வர முடியும். தட்டில் வைத்த துண்டு உடனே போய்விடுவதும், கப்பலின் அடித்தளம் நிறைய இருந்த குவியல் மிஞ்சியதும் இதனால்தான். அதோடு, 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ கட்டியை உருக்க, அதே ஒரு கிலோ தண்ணீரை 0இலிருந்து 80 டிகிரிக்குச் சுடவைக்கும் அளவு வெப்பம் வேண்டும்.

மெய்னில் சவுத் பிரிஸ்டல் என்ற ஊரில் தாம்ப்சன் ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. 1826இல் தொடங்கியது. இன்றும் பிப்ரவரியில் ஊர்க்காரர்கள் பழைய முறையில் அறுவடை செய்கிறார்கள். நானும் ரம்பம் பிடித்திருக்கிறேன். முதலில் குளத்தின்மேல் விழுந்த பனித்தூளை வழித்துவிட வேண்டும், அது போர்வை மாதிரி மூடியிருந்தால் கீழே பனி தடிக்காது. கோட்டில் அறுத்து, கடப்பாறையால் நெம்பினால் 'டக்'கென்று நேராகப் பிரியும். நீண்ட கொக்கிக் கழியால் நீர்வழியில் தள்ளிக்கொண்டு வந்து சரிவுப்பாதையில் ஏற்றுவார்கள். கொட்டகைக்கு இரட்டைச் சுவர், நடுவில் மரத்தூள். பிப்ரவரியில் அடுக்கியது ஜூலையிலும் இருக்கிறது, அதை வைத்து ஊரே ஐஸ்கிரீம் செய்து சாப்பிடுகிறது.

தூத்துக்குடி ஐஸ்:
சார், எங்க அப்பா ஐஸ் பாக்டரி வச்சிருந்தாங்க. சார்ல்ஸ்கரை அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கோங்க: வடிகால். உருகின தண்ணி தேங்கி நின்னா, நனையிற ஐஸ் சீக்கிரம் கரையும். மரத்தூளும் நனைஞ்சா காற்றுக்கு இடமில்லாம போய் வெப்பத்தை உள்ள விட்டுரும். மீன் பெட்டிக்கு அடியில ஓட்டை இல்லாட்டி அப்பா சத்தம் போடுவாங்க.

இன்னொண்ணு. பாக்டரி ஐஸ் பாருல, அதான் அந்த நீளக் கட்டியில, நடுவுல வெள்ளையா ஒரு தண்டு தெரியும், பாத்திருப்பீங்க. தண்ணி ஊத்தி வைக்கிற டின்னைச் சுத்தி கடுங்குளிரான உப்புத்தண்ணி, அதனால நாலு பக்கமிருந்தும் உறைஞ்சு காற்று நடுவுல மாட்டிக்கும். ஏரியில மேலயிருந்து கீழ மெதுவா உறையிறதால காற்று கீழ தண்ணிக்குள்ள போயிரும். கட்டி கண்ணாடியா இருக்கும்.

சார்ல்ஸ்கரை:
அருமை தம்பி! கல்கத்தாக்காரர்கள் மயங்கியதும் அந்தத் தெளிவில்தான். அதுவரை அவர்களுக்குக் கிடைத்தது குளிர்கால இரவில் வைக்கோல்மேல் ஆழமில்லாத மண்சட்டிகளில் உறையவைத்த மெல்லிய, கலங்கலான பனி.

கணக்கு வாத்தியார்:
இருவருக்கும் நன்றி. 0.6 கணக்கைக் கரும்பலகையிலேயே போடப்போகிறேன். இந்த வியாபாரம் ஏன் நின்றது?

சார்ல்ஸ்கரை:
1870களில் மெட்ராஸிலேயே இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யத் தொடங்கிவிட்டார்கள். வழியிலேயே பாதி கரையும் சரக்கு அதோடு போட்டிபோட முடியாது. பிறகுதான் அந்தக் கட்டடம் பிலிகிரி ஐயங்கார் என்ற மெட்ராஸ் வக்கீல் கைக்குப் போனது. 1897இல் விவேகானந்தர் தங்கினார்.

தூத்துக்குடி ஐஸ்:
சார், பிள்ளைகளுக்குச் செஞ்சே காட்டிருங்க. ரெண்டு வாளி, ஒரே எடை ஐஸ். ஒண்ணுல முழுக் கட்டி, அடியில ஓட்டை, சுத்தி காய்ஞ்ச மரத்தூள். இன்னொண்ணுல உடைச்ச ஐஸ், ஓட்டை வேண்டாம், தூளும் வேண்டாம். காலைல முதல் பீரியட்ல வச்சு, சாயங்காலம் மிச்ச ஐஸை எடை போடச் சொல்லுங்க. தூள் மரக்கடையில கிடைக்கும், ஈரமில்லாததா பாத்து வாங்கணும்.